ஊசல் கணக்கில் கடவுளுக்கு என்ன வேலை?

கேள்வி கேட்டவர் இளம் ஆசிரியை. கோபிசெட்டிபாளையம் பக்கம் திருச்சபை நடத்தும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் பணியிடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். நேர்காணலுக்கு வரும்போது 'கிறிஸ்தவ நோக்கில் கல்வி' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்களாம். இயற்பியலுக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம், வாரம் ஒரு நீதிபோதனை வகுப்பு இருந்தால் போதாதா, இதையெல்லாம் வகுப்பறைக்குள் கொண்டுபோனால் மதமாற்றம் என்று பேச்சு வராதா என்று கேட்கிறார்.

அம்மணி, நான் இந்தப் பகுதிப் பள்ளிகளில் முதலில் கணக்கும் பிறகு இயற்பியலுமாக 31 ஆண்டு கற்பித்து ஓய்வு பெற்றவன். சபையில் ஞாயிறு பள்ளியும் நடத்தியிருக்கிறேன். இறையியல் பட்டம் எதுவும் கிடையாது. படித்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

அந்த இரண்டு பக்கத்தில் எழுதக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்று தொடங்காதீர்கள். விண்ணப்பித்த அத்தனை பேரும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். அந்த வசனம் நம் பள்ளிகளில் வாசல் வளைவில் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் வாசலிலேயே நின்றும்விடும். காலையில் ஒரு ஜெபம், வெள்ளிக்கிழமை வேதபாடம், டிசம்பரில் ஒரு விழா, நடுவில் இருக்கிற பாடவேளைகளில் பக்கத்துப் பள்ளியில் நடப்பதே இங்கும் நடக்கும். சாம்பார் இறக்கியபின் மேலே கிள்ளிப்போட்ட கொத்தமல்லித் தழைதான் அப்போது விசுவாசம். வாசனை இருக்கும், சாம்பாரின் ருசி மாறாது. என் கட்சி இதுதான்: ஒரு கல்வி கிறிஸ்தவக் கல்வியா என்பதை ஜெபவேளையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மூன்றாம் பாடவேளையில் போய்ப் பார்க்கவேண்டும்.

உங்கள் பாடத்திலிருந்தே வருகிறேன். பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் தனி ஊசல் சோதனை இருக்கிறது. நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு, 20 அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடவேண்டும். விடை 9.8 வரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். அதனால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீங்களும் செய்திருப்பீர்கள், நானும் செய்தேன். விடையை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து, நேரத்தை ரெக்கார்டு நோட்டில் நிரப்புவோம். ஆசிரியரும் சிவப்பு மையில் சரி போடுவார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் அட்சரேகையில் உண்மையான மதிப்பே ஏறத்தாழ 9.78தான். கோயம்புத்தூரில் நிறுத்துக்கடிகாரத்தோடு ஒழுங்காக உட்கார்ந்து 9.8-க்குச் சற்றுக் குறைவாகக் கண்டுபிடித்த பிள்ளை, பூமி சொன்னதைக் கேட்டிருக்கிறது. அதை அழித்துவிட்டு 9.8 என்று எழுதவைப்பவர் யார்? நாம்தான்.

வானியலாளர் கெப்ளர் இறையியல் படித்துப் போதகராக விரும்பியவர். 1594-இல் கிராட்ஸ் நகரப் பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். பிறகு செவ்வாயின் பாதையைக் கணக்கிட்டபோது, அவருடைய வட்டப்பாதைக் கணக்குக்கும் டைகோ பிராகே என்ற வானியலாளர் பார்த்து எழுதிய அளவுக்கும் 8 கலை வித்தியாசம் வந்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை. 8 கலை என்றால் முழுநிலவின் அகலத்தில் சுமார் கால்பங்கு. வேறு யாராக இருந்தாலும் அளவையில் பிழை என்று தள்ளியிருப்பார்கள். அவர் தள்ளவில்லை. இத்தனை நுட்பமாகப் பார்க்கிற ஒருவரைக் கடவுள் நமக்குத் தந்திருக்கும்போது, அந்த ஈவை நன்றியோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் எழுதினார். ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கட்டியதை இடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். நீள்வட்டம் கிடைத்தது. 1609-இல் நூலாக வெளியிட்டார்.

இயற்பியலுக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, அந்த 8 கலைதான் சம்பந்தம். உலகம் இன்னொருவர் செய்தது என்று நம்புகிறவன் அதற்குத் தன் விருப்பத்தைத் திணிக்கமாட்டான். அது சொல்வதைக் கேட்டுக்கொள்வான். நியூட்டன் விதிக்குப் பக்கத்தில் ஒரு வசனத்தை ஒட்டவேண்டிய அவசியமே இல்லை. அப்படி ஒட்டுகிற பாடப்புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்காது. இயற்பியலுக்கும் மரியாதை இல்லை, வசனத்துக்கும் மரியாதை இல்லை. அளந்ததை அளந்தபடி எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள், விடை 9.5 என்று வந்திருந்தாலும். எங்கே பிசகியது என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள். நூலின் நீளத்தை மட்டும் அளந்துவிட்டு, குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்திருப்பான்.

அடுத்தது பிள்ளை. எந்தக் கல்வித் தத்துவத்தையும் நெருக்கிப் பிடித்தால், பிள்ளை என்பது என்ன என்ற கேள்வியில் வந்து நிற்கும். தேவன் தம் சாயலில் மனிதனைப் படைத்தார் என்பது ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். கேட்பதற்கு எளிது. எனக்கு அது விளங்கியது ஒரு தறிக்காரர் வீட்டுப் பையனிடம்.

சோமனூர்ப் பக்கத்துப் பையன். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி. ராத்திரியெல்லாம் தறிச்சத்தத்தில் படுத்து எழுந்து வருவான். இரண்டாம் பாடவேளையில் கண் சொருகிவிடும். ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் 18, 22 என்றுதான் வாங்குவான். ஆசிரியர் அறையில் அவனுக்கு 'மக்கு' என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஒரு நாள் எதிர் விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்து ஆள் ஆறு நாளில் கட்டும் சுவரைப் பதினைந்து ஆள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்கிற வழக்கமான சுவர். வகுப்பு தூங்கியது. ஏதோ தோன்றி, "நாற்பதாம் நம்பர் நூலுக்கும் எண்பதாம் நம்பர் நூலுக்கும் என்னடா வித்தியாசம்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். "எண்பது சன்னம் சார். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும்" என்றான். ஏன் என்று கேட்டேன். ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நம்பர், ஒரு சிட்டம் 840 கெஜம், அதே ஒரு பவுண்டில் நாற்பது சிட்டத்துக்குப் பதில் எண்பது சிட்டம் வரவேண்டுமானால் நூல் பாதிக் கனமாகத்தானே இருக்கவேண்டும் என்றான். பவுண்டுக்கு 33,600 கெஜம், எண்பதில் 67,200 என்று பேனா இல்லாமல் சொன்னான். எதிர் விகிதத்தை அன்று நடத்தியது அவன்தான்.

ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் சுமார் 389-இல் தம் மகன் அதியோதாத்துடன் பேசுவதாக 'ஆசிரியர்' என்றொரு சிறு உரையாடல் எழுதினார். சொற்கள் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான்; மாணவன் தனக்குள் இருக்கிற வெளிச்சத்தில் தானே பார்த்துக்கொள்கிறான், அந்த உள்ளாசிரியர் கிறிஸ்து என்பது அதன் சாரம். கல்லூரிக் காலத்தில் படித்தபோது வெறும் தத்துவப் புதிராகத் தெரிந்தது. தறிக்காரப் பையன் உட்கார்ந்தபிறகு புரிந்தது. நான் அவனுக்குள் எதையும் இறக்கவில்லை. அங்கே ஏற்கெனவே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டியதுதான் என் வேலை. அதையும் ஒன்பது மாதம் கழித்துத்தான் தட்டியிருக்கிறேன்.

பண்ணயம் பார்த்த குடும்பத்திலிருந்து வருபவர் என்றால் ஏசாயா 28-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். கல்வியைப் பற்றி வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பிரசங்கத்தில் யாரும் தொடுவதில்லை. உழுகிறவன் விதைக்காமல் உழுதுகொண்டே இருப்பானா, நிலத்தை நிரவியபின் உளுந்தையும் சீரகத்தையும் கோதுமையையும் அதனதன் இடத்தில் போடமாட்டானா, இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவனுடைய தேவன்தான் என்கிறது. ஏர் ஓட்டுகிற அறிவும் கடவுள் கற்பித்தது என்றால், ஆன்மிகப் பாடம் ஒரு பக்கம், உலகப் பாடம் இன்னொரு பக்கம் என்று சுவர் எழுப்ப நமக்கு ஏது உரிமை? அதற்கடுத்த வரிகள் இன்னும் நுட்பம். சீரகத்தின்மேல் வண்டி உருளையை விடுவதில்லை, உளுந்தைக் கோலால் தட்டுவார்கள். தானியத்துக்குத் தானியம் முறை வேறு. நம் களத்துமேட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. காய்ந்த எள்ளுக்கட்டைக் கவிழ்த்துத் தட்டினால் உதிர்ந்துவிடும். ராகிக்குக் கல்லுருளை ஓட்டவேண்டும். எள்ளின்மேல் உருளையை ஓட்டினால் களத்தில் எண்ணெய்தான் மிஞ்சும். தோட்டத்தில் இத்தனை விவரமாக இருக்கிற நாம், நாற்பது பிள்ளைகளைப் பள்ளிக்குள் அனுப்பியதும் எல்லாருக்கும் ஒரே உருளை என்கிறோம்.

கொமேனியஸை ஒரு வரியாவது குறிப்பிடுங்கள். எல்லாருக்கும், பெண்ணுக்கும் ஏழைக்கும் மந்தமானவனுக்கும் சேர்த்து, கல்வி வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே வாதாடிய மொராவிய சகோதர சபை ஆயர் அவர். 1656-இல் போரில் போலந்தின் லெஷ்னோ நகரம் எரிந்தபோது அவர் வாழ்நாள் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1658-இல் அவர் வெளியிட்டது என்ன தெரியுமா? குழந்தைகளுக்கான படப்புத்தகம்.

பிள்ளை தேவசாயல் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான். பிள்ளை பிறவியில் நல்லது, ஊர்தான் கெடுக்கிறது என்று 1762-இல் தத்துவவாதி ரூசோ எழுதினார். கிறிஸ்தவம் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சாயலில் ஒரு விரிசலும் விழுந்திருக்கிறது என்கிறது. இதைக் கேட்டதும் சிலர் பிரம்பைத் தேடுவார்கள். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற நீதிமொழி ஆசிரியர் அறையில் ரொம்பப் பிரபலம். அவர்கள் மறப்பது, விரிசல் பிள்ளையிடம் மட்டும் இல்லை என்பதை. நானும் புளிய விளார் வைத்திருந்தவன்தான். அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு நான் அடித்த அடிகளில் பாதி, முதல்நாள் தலைமையாசிரியர் என்னைத் திட்டியதற்காக விழுந்தவை. பிள்ளைகளைக் கோபமூட்டாதீர்கள் என்று எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் தகப்பன்மார்களுக்குச் சொல்லியிருப்பதை ஆசிரியர் அறையில் யாரும் மேற்கோள் காட்டிக் கேட்டதில்லை. ஆசிரியனும் பாவிதான் என்று தெரிந்த இடத்தில் கண்டிப்பு இருக்கும், ஆனால் அதற்கு ஓர் எல்லையும் இருக்கும். பிழை செய்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கமும் அங்கே வரும். நாற்பது வயதுக்குமேல்தான் எனக்கு அது வந்தது.

நம் ஊர்ச் சரித்திரத்தைப் பெருமையாக எழுதச் சொல்வார்கள். எழுதலாம், தரங்கம்பாடியில் 1707-லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி, கோயம்புத்தூரில் 1830-இல் லண்டன் மிஷன் சார்பில் ஆடிஸ் என்ற மிஷனரி வந்திறங்கியது என்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கருமத்தம்பட்டியில் இருந்த ஓர் ஆயரின் கதை. பிரெசில்லாக் என்ற பிரெஞ்சு ஆயர் 1840-களில் கோயம்புத்தூர்ப் பகுதியின் பொறுப்புக்கு வந்தார். இந்த மண்ணின் பிள்ளைகளையே குருக்களாகவும், நாளை ஆயர்களாகவும் ஆக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். வந்திறங்கிய வெள்ளைக்காரரில் பலருக்கு அது உவப்பாக இல்லை. திருச்சபைக்குள் சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற பழைய மலபார்ச் சடங்குச் சர்ச்சையில் மனசாட்சி ஒப்பாமல் கடைசியில் பதவியைத் துறந்துவிட்டுப் போனார். பிறகு 1856-இல் ஆப்பிரிக்காவுக்கான ஒரு துறவற சபையைத் தொடங்கி, 1859-இல் ஃப்ரீடவுனில் இறந்தார். இங்கே அவர் தோற்றார் என்றே சொல்லலாம். ஆனால் நான் ஒருவனுக்குக் கற்பிப்பது அவன் நாளைக்கு என் நாற்காலியில் உட்காரவா, இல்லை என்றைக்கும் என் எதிரில் நிற்கவா என்று கேட்ட மனிதர் அவர். இன்றைக்கும் நம் சபைப் பள்ளிகளில், சபைகளிலும்தான், யார் தாளாளர், யார் மணி அடிப்பவர் என்று பார்த்தால் அந்தக் கேள்வி தீர்ந்துபோகவில்லை என்பது தெரியும்.

இப்போது சொல்லக் கசப்பான பகுதி. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்கு ஊரே வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும்: பிராய்லர் பள்ளி. கோழிப்பண்ணை நாட்டில் பிறந்த உவமை, இதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் பன்னிரண்டாம் வகுப்பையே இரண்டு வருடம் அரைப்பார்கள். 2017-இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, அடுத்து பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தது, எல்லாம் இந்த வெறியைக் கொஞ்சம் தணிக்கத்தான். நான் அந்தப் பள்ளிகளைக் குறைசொல்ல வரவில்லை. அவர்கள் வேறெதையும் தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. நாம் கொடுத்திருக்கிறோம்.

நான் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவப் பள்ளி, பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டவேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. வழி எளிது. தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது. ஏப்ரல் மாதம் பட்டியல் வந்தது. ஒன்பது பேர். என் வகுப்பில் மூவர், அதில் ஒருவன் தறிக்காரப் பையன். வகுப்பாசிரியராகக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வாரம் காலை வழிபாட்டில் என்ன வாசித்தோம் என்பது இன்றும் நினைவிருக்கிறது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் கதை. நாங்கள் ஒன்றை விரட்டிவிட்டுத் தொண்ணூற்றொன்பதைக் காட்டிப் பரிசு வாங்க நின்றோம். நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கடன் இருந்தது, மகள் கல்லூரியில் இருந்தாள். அவன் அப்பா அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

மதமாற்றப் பேச்சு வருமா என்று கேட்டீர்கள். வரலாம். சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு தருகிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமில்லாமல் ஒரு சிறுவனையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மதிப்பெண் என் கையில் இருக்கும்போது பதின்மூன்று வயதுப் பிள்ளை என்னிடம் 'ஆமாம்' என்றால், அது எனக்குச் சொன்ன ஆமாம். கடவுளுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது. வற்புறுத்தி வாங்கிய விசுவாசமும் பின்னோக்கி எழுதிய 9.8-உம் ஒரே ரகம். யாராவது பிள்ளை உங்களிடம் வந்து "நீங்கள் ஏன் மிஸ் இப்படி இருக்கிறீர்கள்?" என்று தானாகக் கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள். கேட்காதவரை ஊசலை நடத்துங்கள்.

நீதிபோதனை வகுப்பு போதாதா என்பதற்குத் தனியாகப் பதில் வேண்டியதில்லை. பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். நானே வாங்கியிருக்கிறேன்.

ஆகவே அந்த இரண்டு பக்கத்தில் உங்கள் செய்முறை வகுப்பை எழுதுங்கள். தவறான ரீடிங்கோடு வரும் பிள்ளையை என்ன செய்வீர்கள், முதல் மூன்று இடம் வாங்குகிறவர்களுக்கும் கடைசி மூன்று பேருக்கும் உங்கள் நேரத்தை எப்படிப் பிரிப்பீர்கள், ஒரு நாள் அநியாயமாகத் திட்டிவிட்டால் மறுநாள் வகுப்பில் என்ன சொல்வீர்கள் என்று. வசனம் வேண்டுமென்றால் ஏசாயாவின் அந்தக் களத்துமேட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆயர் ஐயா ஒருவேளை முதல்முறையாக அதைப் படிப்பார்.

நேர்காணல் முடியும்போது, "எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்பார்கள். சம்பளத்தைக் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: போன வருடம் ஒன்பதாம் வகுப்பு முடிவில் எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்தீர்கள்? பதில் எண்ணாக வந்தால் நல்லது. தாளாளர் தலைமையாசிரியரைப் பார்த்து, தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தால், சேருவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சேர்ந்தால், ஏப்ரலில் உங்கள் மேசைக்கும் ஒரு பட்டியல் வரும்.